காற்றில் பாதரசம்: அளப்பதும் தடம் பிடிப்பதும் – கேள்வி பதில்

காற்றில் இருக்கும் பாதரசத்தை எப்படித்தான் அளக்கிறார்கள்?

தங்கத்தை வைத்து. வட அரைக்கோளத்தில், ஆலைகளுக்குத் தொலைவான இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 1.5 நானோகிராம் பாதரசம்தான் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றைத் தங்கத்தின் மேல் ஓடவிட்டால் பாதரசம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தங்கத்தைச் சூடாக்கினால் ஆவியாகி வெளியே வரும். அந்த ஆவியின் மேல் 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டதும் பாதரச அணுக்கள் ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு பாதரசம்.

இவ்வளவு குறைவாக இருந்தால் என்ன ஆபத்து?

இந்த அளவைச் சுவாசிப்பது பெரிய கவலை இல்லை. காற்றிலிருந்து நிலத்திலும் நீரிலும் இறங்கிய பிறகு, நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுச் சேர்மமாக மாற்றிவிடுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது செறிந்துகொண்டே போகும். கடைசியில் அந்த மீனைச் சாப்பிடும் கர்ப்பிணியின் வயிற்றுக் குழந்தையின் மூளை வரை எட்டும். அதனால்தான் காற்றிலேயே அதைக் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

ஒரே கருவி எல்லா வகைப் பாதரசத்தையும் காட்டுமா?

நல்ல கேள்வி, இந்தத் துறையின் பலவீனமான இடமும் இதுதான். காற்றில் பெரும்பங்கு தனிம வடிவம், அதாவது வேறெதோடும் சேராத பாதரச அணு. அது மாதக்கணக்கில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவம் கொஞ்சம்தான், ஆனால் நீரில் கரையும், மழையோடு சீக்கிரம் இறங்கும். ஆக, எங்கே விழும் என்று கணிக்க அந்தக் கொஞ்சத்தைத்தான் சரியாக அளக்க வேண்டும். பல ஆண்டுகள் பொட்டாசியம் குளோரைடு பூசிய குழாய்களில் அதைப் பிடித்தார்கள். ஓசோனும் ஈரப்பதமும் இருந்தால் பிடித்ததில் ஒரு பகுதி நழுவிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. பழைய தரவுகள் குறைவாகக் காட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை அப்படியே நம்பிக் கணினிக் கணிப்பு மாதிரிகள் கட்டுவது சரியில்லை.

மின்சாரம் இல்லாத இடங்களில்?

செறிவூட்டிய கரி வைத்த சிறு கூடுகளைத் தொங்கவிடலாம், பம்பு தேவையில்லை. பல வாரச் சராசரிதான் கிடைக்கும். 1995 வசந்தத்தில் கனடாவின் வடகோடியான அலர்ட்டில் தனிமப் பாதரசம் திடீரென்று ஏறக்குறைய மறைந்துபோனதே, அதுபோன்றதைப் பிடிக்கத் தொடர்ச்சியாக அளக்கும் கருவிதான் வேண்டும். அங்கே காரணம், சூரிய ஒளியில் நடக்கும் புரோமின் வேதிவினை.

எந்த ஆலையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா?

பக்கத்தில் இருந்தால் முடியும். தூரத்திலிருந்து வந்தால் கஷ்டம். காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள், கூடவே வந்த மற்ற மாசுகளைப் பார்ப்பார்கள். பாதரசத்துக்கு 7 நிலையான ஐசோடோப்புகள் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்) உண்டு, அவற்றின் விகிதமும் துப்பு தரும். ஆனால் வழியில் நடக்கும் வினைகளும் அந்த விகிதத்தை மாற்றும். ஒற்றைச் சான்றை வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தால் பலன் உண்டா?

2013-ல் ஏற்று 2017-ல் நடைமுறைக்கு வந்தது. பலனைக் காட்ட நீண்டகால அளவீடு வேண்டும். மனிதர்கள் காற்றில் விடும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு சிறு அளவிலான தங்கச் சுரங்க வேலையிலிருந்து வருகிறது. அது நடக்கும் வெப்பமண்டல நாடுகளில்தான் கண்காணிப்பு நிலையங்கள் மிகக் குறைவு. புதிதாக நிலையம் வைக்கப் பணம் இருந்தால் முதலில் அங்கே வையுங்கள்.