சர்க்கரையை மறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 63 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பாரிஸ், ரோம் பார்த்துவிட்டு அமெரிக்காவில் மகன் வீட்டில் 2 மாதம் தங்கப்போகிறோம். விலை குறைந்த பயணக் காப்பீடு போதுமா? - வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம், ஐயா. பாரிஸ், ரோம் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்தாலே அந்தத் தொகை கரைந்துவிடும் என்பதால் அதை அளவாக வைக்காதீர்கள். அமெரிக்கா, கனடாவை விலக்கிய பாலிசிகளும் விற்கிறார்கள், கவனம். சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது, பிறகு கிளெய்மை மறுத்துவிடலாம். பழைய நோய்க்கு உயிராபத்து வந்தால் மட்டும்தான் தருவார்களா, உங்கள் வயதுக்கு அறை வாடகை, ஆபரேஷனுக்கெல்லாம் தனி உச்சவரம்பு உண்டா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், டாக்டர் சீட்டோடு.