சண்டை வராத சீட்டாட்டம்

கேள்வி: தீபாவளிக்கு மறுநாள் வீட்டில் சின்ன பார்ட்டி. நண்பர்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். காசு வைக்காமல், சண்டை வராமல், ஜாலியாக ஆடச் சில சீட்டாட்டங்கள் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: காசு வைக்காமல் என்றீர்கள், பாராட்டுகள். வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு 1971இலிருந்து கெந்திங் மலையில் சூதாட்டக் கடை திறந்திருக்கிறது. அதற்கு என் சிபாரிசு தேவையில்லை.

ஆனால் 'சண்டை வராமல்' என்றொரு நிபந்தனை போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. சண்டையே வரக் கூடாதென்றால் தனியாக உட்கார்ந்து சாலிட்டேர் ஆடுங்கள். அதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஆட்டிறைச்சி பிரட்ட வேண்டியதில்லை.

நீங்கள் கட்டாயம் எடுத்து வைக்கப்போகும் ஊனோ எப்படிப் பிறந்தது தெரியுமா? சண்டையில்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்று ஒரு முடிதிருத்துநர். 'கிரேஸி எய்ட்ஸ்' என்ற சீட்டாட்டத்தின் விதி பற்றி அவருக்கும் மகனுக்கும் வாக்குவாதம். தகப்பன் விட்டுக்கொடுக்கவில்லை, மகனும் விடவில்லை. கடைசியில் தகப்பனார் தனியாக ஒரு ஆட்டத்தையே உண்டாக்கிவிட்டார். அதுவும் அதே 1971இல்தான். குடும்பமே காசு போட்டு, 8,000 டாலரில் 5,000 கட்டுகள் அச்சடித்து, முடிவெட்டும் கடையிலேயே வைத்து விற்றார்கள். அன்றைக்கு அந்த மகன் "சரிப்பா, நீங்க சொல்றதுதான் சரி" என்று எழுந்து போயிருந்தால் உங்கள் பார்ட்டியில் ஊனோ ஏது?

இன்று ஊனோவை விற்பது மேட்டல் நிறுவனம். அடுத்தவரை நாலு சீட்டு எடுக்க வைக்கும் 'கூட்டல் நாலு' சீட்டு ஒன்று விழுந்தால், அதன் மேல் இன்னொரு 'கூட்டல் நாலு' போட்டு அடுத்தவர் தலையில் எட்டாகக் கட்டக் கூடாது என்று 2019இல் அவர்களே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். யார் கேட்டார்கள்? கோலாலம்பூரில் நான் பார்த்த வீடுகளிலெல்லாம் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று ஏறிக்கொண்டேதான் போகிறது. உற்பத்தி செய்தவனையே "உனக்கு ஆடத் தெரியாது" என்று உட்கார வைத்துவிட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீட்டாட்டத்தில் சண்டை போட்டவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி அதே பாயில் உட்காருகிறார்கள். நம் சங்கங்களில் அப்படியா? பொதுக்கூட்டத்தில் தோற்றவர் வாசலில் செருப்பைத் தேடும்போதே புதுச் சங்கத்துக்குப் பெயர் வைத்துவிடுகிறார். பழைய பெயருக்கு முன்னால் 'அனைத்து' என்றோ 'புதிய' என்றோ சேர்த்தால் முடிந்தது. சங்கப் பதிவிலாகாவில் விண்ணப்பம், மறு வாரம் எனக்கு அழைப்பிதழ், அதில் அதே பன்னிரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். முதற்சங்கமும் இடைச்சங்கமும் கடல்கோளால் அழிந்தன என்று பள்ளியில் படித்தோம். எனக்கென்னவோ நிர்வாகத் தேர்தல்தான் காரணமாக இருக்குமென்று தோன்றுகிறது. கடல்கோள் வந்திருந்தால் பொன்னாடைகள்கூட மிஞ்சியிருக்காது. (இதைப் படித்துவிட்டு வழக்கமான மூன்று பேர் வழக்கமான கடிதத்தை எழுதுவார்கள். தபால்தலைக் காசை மிச்சம் பிடியுங்கள் ஐயா, போன வருடக் கடிதமே என் மேசையில் இருக்கிறது.)

நம் சங்க நிர்வாகிகளுக்கென்றே அமைந்த சீட்டாட்டம் 'சோ டாய் டீ'. சீன நண்பர்களிடமிருந்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது. நாலு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. டைமன் மூன்று கையில் இருப்பவர் தொடங்குவார். இதில் ராஜாவை விட, ஆஸை விட, இரண்டுதான் பெரியது. துணைத்தலைவர்கள் ஏன் இதை விரும்பி ஆடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

இன்னும் நல்ல சண்டை வேண்டுமானால் யாழ்ப்பாணத்தாரின் முந்நூற்றி நாலு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்துப் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு, எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரு கட்சி. ராஜாவும் ராணியும் இதில் கிட்டத்தட்டச் சில்லறைதான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் 304. ஏலம் கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவார்கள். எதிரியோடு சண்டை வராது, கூட்டாளியோடுதான் வரும். "ஒன்பதை வச்சுக்கொண்டு ஏன் முழிச்சனீ?" என்ற கேள்விக்கு வருடக் கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பதிகள் உண்டு. உங்கள் பார்ட்டிக்குப் புதுமணத் தம்பதி வந்தால் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்டது பன்னிரண்டு பேருக்கு. கடைசியாகச் சொன்ன இரண்டும் நாலு பேர் ஆட்டம், மிச்சம் எட்டுப் பேர் முறுக்கைக் காலி செய்துவிடுவார்கள். ஊனோவும் ஒரு கட்டில் பத்துப் பேருக்கு மேல் இழுக்காது. சீனப் புத்தாண்டுக்கு ஆடும், இருபத்தொன்றை எட்டப் பார்க்கும் பான் லக் எத்தனை பேருக்கும் தாங்கும். ஆனால் காசை எடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் கொட்டாவி வரும்.

பன்னிரண்டுக்கு 'ஸ்பூன்' பொருத்தம். ஒரு கட்டிலிருந்து நாலு ராஜாவையும் எடுத்துவிடுங்கள், மீதி 48, ஆளுக்கு நாலு. நடுவில் பதினொரு ஸ்பூன். எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாத ஒரு சீட்டை இடப்பக்கம் தள்ள வேண்டும். நாலு ஏழு, நாலு ராணி என்று ஒரே மதிப்பில் நாலு சேர்ந்தவர் சத்தமில்லாமல் ஸ்பூனை எடுப்பார். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் பாய வேண்டியதுதான். கிடைக்காதவர் வெளியே, அவரோடு ஒரு ஸ்பூனும் ஒரே மதிப்புள்ள நாலு சீட்டும் வெளியே. அம்மாவின் நல்ல ஸ்பூன் வேண்டாம், பிளாஸ்டிக் வையுங்கள். நகம் நீளமாக வளர்த்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை.

அப்புறம் 'பொய்' ஆட்டம். எனக்குப் பிடித்தது. இரண்டு கட்டு, 104 சீட்டு, முழுவதையும் பிரித்துவிடுங்கள். போடுகிறவர் தயவு செய்து ஏழு முறையாவது கட்டைப் பாதி பிரித்துக் கோத்துக் கலைக்கட்டும். ஒரு கட்டுக்கே ஏழு வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992இல் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் இரண்டு தடவை புரட்டிவிட்டு "போதும் போதும்" என்பார்கள். முதலாமவர் ஆஸ், அடுத்தவர் இரண்டு, அடுத்தவர் மூன்று என்று வரிசையாகச் சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். கையில் அது இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லித்தான் போட வேண்டும். சந்தேகப்படுகிறவர் "பொய்" என்று கத்தலாம். பிடிபட்டால் போட்டவர் குவியலை அள்ளுவார், உண்மையாக இருந்தால் கத்தியவர் அள்ளுவார். கை முதலில் காலியானவர் ஜெயித்தார்.

விருந்தினரில் சங்கத் தலைவர் யாராவது இருந்தால் இந்த ஆட்டத்தை மட்டும் தொடங்காதீர்கள். இரண்டு கட்டிலும் சேர்த்து எட்டு ராஜாதான். அவர் ஒன்பது இறக்குவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவார்கள்.