வாசகர் கேள்வி–பதில்: யென் ஏறியது, கார் ஆலை கடல் கடந்தது

கேள்வி: டொயோட்டா, ஹோண்டா, நிசான் என்று பெயர்கள் எல்லாம் ஜப்பானுடையவை. ஆனால் அமெரிக்காவில் விற்கும் அவற்றின் கார்களில் பெரும்பகுதி அந்தக் கண்டத்திலேயே தயாராவதாகப் படித்தேன். ஒரு நாட்டின் நாணயம் வலுப்பெறுவதற்கும் கார் ஆலை இடம்மாறுவதற்கும் உண்மையில் என்ன தொடர்பு?

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் கதை நாணயத்திலிருந்து தொடங்கவில்லை. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கர்கள் சிறிய, சிக்கனமான ஜப்பானியக் கார்களை நாடினார்கள், அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் தடுமாறியது. வாஷிங்டனின் நெருக்குதலுக்குப் பணிந்து, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று 1981-இல் ஜப்பான் ஒப்புக்கொண்டது. ‘தன்னார்வக் கட்டுப்பாடு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதில் தன்னார்வம் எவ்வளவு இருந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். கப்பலில் வரும் காருக்குத்தான் எண்ணிக்கை வரம்பு, அமெரிக்க மண்ணில் தயாராகும் காருக்கு இல்லை. இத்தகைய தடை வரும் என்ற முன்கணிப்பும் வந்துவிட்ட தடையும் சேர்ந்து, 1982-இல் ஹோண்டாவை ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லிலும், 1983-இல் நிசானை டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவிலும் உற்பத்தியைத் தொடங்க வைத்தன.

நாணயம் இதற்குப் பிறகுதான் மேடையேறுகிறது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பைக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1988-க்குள் அது 120 யென் அளவுக்கு இறங்கியது. ஒரு காரைத் தயாரிக்க 12 லட்சம் யென் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மதிப்பில் அது 5,000 டாலர், புதிய மதிப்பில் 10,000 டாலர். ஆலையில் எதுவும் மாறவில்லை. தொழிலாளியின் கூலியோ எஃகின் விலையோ ஒரு யென்கூட ஏறவில்லை. ஆனாலும் அமெரிக்க வாடிக்கையாளரின் பார்வையில் அந்தக் காரின் அடக்கவிலை இரட்டிப்பாகிவிட்டது. விலையை ஏற்றினால் விற்பனை போகும், ஏற்றாவிட்டால் லாபம் போகும். இந்த இக்கட்டிலிருந்து நிரந்தரமாக மீள ஒரே வழி, செலவையும் டாலரிலேயே செய்வது. பிளாசா உடன்பாட்டுக்கு மூன்று மாதங்களுக்குப் பின் டொயோட்டா அறிவித்த கென்டக்கி மாநில ஜார்ஜ்டவுன் ஆலை 1988-இல் கார்களை வெளியிடத் தொடங்கியது.

ஜெர்மனியிலும் இதே கணக்குதான். 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் அப்போதைய நாணயமான மார்க்கின் மதிப்பும் உள்நாட்டுக் கூலியும் அழுத்தியபோது பி.எம்.டபிள்யூ தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கையும், மெர்சிடிஸ் அலபாமாவையும் தேர்ந்தெடுத்தன.

கேள்வி: அப்படியானால் யென் மலிவானபோது அந்த ஆலைகள் ஜப்பானுக்குத் திரும்பியிருக்க வேண்டுமே?

பதில்: கூர்மையான கேள்வி. திரும்பவில்லை; எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதியும் இதுதான். 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு 76 யென்னுக்கும் கீழே வந்து உச்சத்தைத் தொட்ட யென், 2015-இல் 120-ஐத் தாண்டிச் சரிந்தது. 2024 ஜூலையில் 160-ஐயும் கடந்தது. உச்சத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழான மதிப்பு. பாடப்புத்தகக் கணக்குப்படி ஜப்பானில் புதிய கார் ஆலைகள் முளைத்திருக்க வேண்டும். ஆனால் 1990-இல் சுமார் 1 கோடியே 35 லட்சம் வாகனங்களைத் தயாரித்த அந்த நாடு, 2023-இல் ஏறத்தாழ 90 லட்சத்தையே தயாரித்தது. டொயோட்டா உள்நாட்டில் ஆண்டுக்கு 30 லட்சம் என்ற அளவைக் காத்துவருகிறது என்றால், அதைப் பெருமளவில் கொள்கை முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம், நாணயமும் ஆலையும் ஒரே வேகத்தில் இயங்குபவை அல்ல. நாணயச் சந்தை ஒரு பிற்பகலில் திசைமாறும். ஆனால் ஓர் ஆலைக்கு இடம் பார்த்து, கட்டி, எந்திரம் பொருத்தி, முதல் காரை வெளியே அனுப்ப மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். போட்ட முதலை மீட்க இரண்டு மூன்று மாடல் தலைமுறைகள் ஓட வேண்டும். இன்றைய மாற்று விகிதத்தை நம்பி முடிவெடுத்தவர், ஆலை திறக்கும் நாளில் வேறொரு விகிதத்தைச் சந்திப்பார். ஆகவே தாங்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தால்தான் நிறுவனம் வெளியேறுகிறது. வெளியேறிய பிறகு, நாணயம் திரும்பி வந்தது என்பதற்காக மட்டும் அது திரும்புவதில்லை. இருக்கை, வயரிங், அச்சில் அழுத்திய தகட்டுப் பாகம் செய்யும் நிறுவனங்களும் கூடவே குடிபெயர்ந்திருக்கும். அவற்றை மறுபடி பெயர்த்தெடுப்பது ஆலையைப் பெயர்ப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றும் உண்டு. யென் சரியும்போது, அமெரிக்காவில் ஈட்டிய டாலர் லாபத்தைக் கணக்கேட்டில் யென்னாக மாற்றும்போதே தொகை பெருகிவிடுகிறது. ஒரு காரும் கூடுதலாக விற்காமலே லாபம் கூடும்போது, ஆலையை ஊருக்குக் கொண்டுவரும் அவசரம் யாருக்கு வரும்?

விதிவிலக்காக ஓர் ஆலையைச் சொல்லலாம். 1970-களில் மார்க் வலுத்ததால் ஃபோக்ஸ்வாகன் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாந்தில் 1978-இல் தொடங்கிய ஆலை, பத்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. அங்கும் நாணயம் முதன்மைக் குற்றவாளி அல்ல. சிறிய கார்களுக்கான தேவை குறைந்ததும் தரம் பற்றிய குறைகளும்தான் அதை வீழ்த்தின. அதன்பின் அமெரிக்காவுக்கான கோல்ஃப் கார்கள் ஜெர்மனிக்குத் திரும்பிப் போகவில்லை. மெக்சிகோவின் பூப்லாவிலிருந்து வந்தன.

கேள்வி: நாணய மதிப்பா, சுங்க வரியா, எது ஆலையின் இடத்தை அதிகம் தீர்மானிக்கிறது?

பதில்: வரி என்பேன், அது நீண்ட காலம் நிலைத்திருக்கும் என்று நிறுவனங்கள் நம்பினால். இதற்குச் சிறந்த சான்று கோழியிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றியதற்குப் பதிலடியாக, அமெரிக்கா 1964-இலிருந்து இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி ஓயவில்லை. பயணிகள் காருக்கு 2.5 சதவீதமே வரி இருந்த காலம் முழுவதும் பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள இலகுரக டிரக்கான பிக்கப் வண்டிக்கு 25 சதவீதம். எனவேதான் அமெரிக்காவில் விற்கும் ஜப்பானியப் பெயர் தாங்கிய பிக்கப்புகள் டெக்சாஸிலும் மிசிசிப்பியிலும் மெக்சிகோவிலும் தயாராகின்றன. இடையில் யென் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்த ஏற்பாடு அசையவில்லை.

வரியைத் தாண்டும் தந்திரங்களும் குறைவில்லை. ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேன்களைத் துருக்கியிலிருந்து பின்னிருக்கைகளோடு ‘பயணிகள் வாகனம்’ என்று இறக்கி, துறைமுகத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றியது. நீண்ட வழக்குக்குப் பின் 2024-இல் 36.5 கோடி டாலர் செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இப்போது ஒரு கார்கூடப் பெருமளவில் தயாராவதில்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: வரியும் நாணயமும் ஒரே பக்கமிருந்து தாக்கினால் என்ன ஆகும் என்பதை அங்கே காணலாம். 1980-களில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2010-இல் 5 சதவீதமானது. தாய்லாந்துடன் 2005-இல் நடைமுறைக்கு வந்த தடையில்லா வணிக ஒப்பந்தம் வழியே பிக்கப்புகள் வெள்ளமாக வந்தன. அதே நேரத்தில் சீனாவுக்குச் சென்ற இரும்புத் தாதுவும் நிலக்கரியும் ஆஸ்திரேலிய டாலரை உயர்த்தின; 2011-இல் அது அமெரிக்க டாலரையே விஞ்சியது. சுரங்கத்துக்கு வாழ்வு, ஆலைக்குச் சாவு. ஃபோர்டும் ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்ப் பெயரான ஹோல்டனும் 2013-இலும், டொயோட்டா 2014-இலும் மூடல் முடிவை அறிவித்தன. ஹோல்டனின் கடைசிக் கார் 2017 அக்டோபரில் வெளிவந்தது. அந்த நாளில் ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு 80 அமெரிக்க சென்டுக்கும் கீழே. நாணயம் இறங்கி வந்தபோது காப்பாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

கேள்வி: நாணயம் சரிந்த நாட்டுக்கு ஆலைகள் தாமாக வந்துவிடுமா?

பதில்: வந்துவிடாது. 1997 ஜூலை 2-இல் பாட் நாணயத்தை மிதக்கவிட்ட தாய்லாந்தில் ஒரு டாலருக்கு 25 ஆக இருந்த மதிப்பு சில மாதங்களில் 50-ஐத் தாண்டியது; ஆண்டுக்கு 5.9 லட்சமாக இருந்த உள்நாட்டு வாகன விற்பனை 1998-இல் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே விழுந்தது. ஆனால் ஆலைகளும் உதிரிபாக நிறுவனங்களும் ஏற்கெனவே அங்கே இருந்ததால், வாங்க ஆளில்லாத நிலையில் அவை ஏற்றுமதிக்குத் திரும்பின. 2004-இல் டொயோட்டா தன் ஹைலக்ஸ் பிக்கப்பின் ஏற்றுமதித் தளத்தையே ஜப்பானிலிருந்து அங்கே மாற்றியது. என்ஜினையும் கியர்பெட்டியையும் இறக்குமதி செய்து வெறுமனே பொருத்தித் தரும் நாட்டுக்கோ நாணயச் சரிவால் கிடைப்பது அற்பம். கூலி மலிவாகும், ஆனால் அந்த இறக்குமதிப் பாகங்களின் விலை உள்நாட்டு நாணயத்தில் ஏறும். ஒரு காரின் மொத்தச் செலவில் பொருத்தும் ஆலையின் கூலி சிறு பங்கே.

கேள்வி: போர்ஷே ஏன் அமெரிக்காவில் ஆலை கட்டவில்லை?

பதில்: விற்கும் எண்ணிக்கை குறைவு, ஒரு காரில் கிடைக்கும் லாபம் அதிகம், விலையில் பாதி ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற பெயருக்கே. டாலர் வீழ்ச்சியை அந்நிறுவனம் பல ஆண்டுகள் மாற்று விகிதத்தை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளும் முன்பேர ஒப்பந்தங்களால் சமாளித்தது. நாணயத்துக்குக் காப்பு வாங்கலாம், வரிக்கு வாங்க முடியாது என்பதை 2025-இல் அமெரிக்கா விதித்த கார் வரி அதற்கு உணர்த்தியது.

கேள்வி: 2025-இல் அமெரிக்கா விதித்த கார் வரியால் ஜப்பானிய ஆலைகள் எல்லாம் அங்கே போய்விடுமா?

பதில்: அந்த ஆண்டு ஏப்ரலில் கூடுதலாக 25 சதவீதம் விதிக்கப்பட்டது, பின்னர் பேச்சுவார்த்தையில் ஜப்பானுக்கு மொத்தம் 15 சதவீதமாகக் குறைந்தது. இதை யென்னோடு சேர்த்துப் பாருங்கள். 30 லட்சம் யென் மதிப்புள்ள கார், 2021-இன் தொடக்கத்தில் இருந்த 105 யென் விகிதத்தில், 2.5 சதவீத வரியும் சேர்ந்து ஏறத்தாழ 29,300 டாலர். 150 யென் விகிதத்தில் அதே கார் 20,000 டாலர். 15 சதவீத வரி சேர்த்தாலும் 23,000 டாலர்தான். மலிவான யென் வரியை விழுங்கிவிட்டது என்று பொருள். வரி வந்த முதல் மாதங்களில் ஜப்பானிய நிறுவனங்கள் வட அமெரிக்காவுக்கான ஏற்றுமதி விலையைப் பெருமளவு குறைக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். யென் மீண்டும் 110-ஐ நோக்கி ஏறி, வரியும் 15-லேயே நிலைக்குமானால், அப்போது ஜப்பானில் தயாராகும் மாடல்களில் எவை இடம்பெயரும் என்ற கேள்வி மேசைக்கு வரும். அதுவரை, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆலைகளில் காலியான திறனை நிரப்புவதைத்தான் முதலில் பார்ப்பார்கள். புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டுவது கடைசி நடவடிக்கையாகவே இருக்கும்.