கனடா கால்பந்து லீக்கில் (CFL; இது சாக்கர் அல்ல, அமெரிக்கக் கால்பந்து போன்ற ஆட்டம்) நல்ல ஆட்டக்காரரை அணிகள் ஏன் சுலபமாக விட்டுவிடுகின்றன?

கஞ்சத்தனம் என்று ரசிகர்கள் திட்டுவார்கள். உண்மையான காரணம் சம்பள உச்சவரம்பு. 2024இல் ஓர் அணிக்கு 55,25,000 கனடிய டாலர். மொத்த ஆட்டக்காரர்களும் அதற்குள் அடங்க வேண்டும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவருக்கே 6 லட்சம் போனால், ஒன்பதில் ஒரு பங்கு காலி. மீறினால் முதல் ஒரு லட்சம் வரை டாலருக்கு டாலர் அபராதம். அதற்கு மேல் போனால் இரண்டு மடங்கு, கூடவே புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வும் பறிபோகும்.

இன்னொரு சிக்கல், தொடக்க வரிசையில் குறைந்தது 7 கனடியர்கள் வேண்டும் என்ற விதி. அதனால் முன்வரிசையில் மோதும் சுமாரான கனடிய லைன்மேனுக்குக்கூட அவரைவிடத் திறமையான அமெரிக்கரைவிட அதிகச் சம்பளம் கிடைக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது, ஆள் கிடைப்பதே அரிது.

ஒப்பந்தத் தொகையில் பெரும்பகுதிக்கு உத்தரவாதமும் கிடையாது. குளிர்காலத்தில் போனஸ் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கும்போது மூத்த வீரர்களைக் கழற்றிவிடுவது வழக்கம். பிப்ரவரியில் ஒப்பந்தமில்லாத வீரர்களுக்கான சந்தை திறக்கும்போது, அதே வீரர் போட்டி அணியின் சீருடையில் சிரித்துக்கொண்டிருப்பார்.