முயலுக்கு மேக்னம் எதற்கு?

"முயல் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். .22 லாங் ரைஃபிள் வாங்கலாம் என்று போனால், 'மேக்னமாக எடுங்கள், நாளைக்கு மானுக்கும் ஆகும்' என்கிறார் கடைக்காரர். எதை வாங்க, என்ன தோட்டா போட?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

லாங் ரைஃபிளே போதும். லாங் ரைஃபிளும் மேக்னமும் .22 அங்குல அளவில் வரும் இரண்டு தோட்டா வகைகள்; மேக்னம் வலு கூடியது. துப்பாக்கியையும் அதன் தோட்டா பெயரிலேயே சொல்வார்கள். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), 40 கிரெயின் (குண்டின் எடை, சுமார் 2.6 கிராம்) ஹாலோ பாயிண்ட் தோட்டா (முனையில் குழி உள்ளது, பட்டதும் விரியும்). குறியை 50 மீட்டருக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். 70 மீட்டரைத் தாண்டிச் சுட வேண்டாம். 100 மீட்டரில் குண்டு 15 முதல் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். முயல் காயத்தோடு புதருக்குள் ஓடிப்போய், துடித்துச் சாகும்.

மானுக்கு மேக்னமும் பத்தாது. பல நாடுகளில் ரிம்ஃபயர் தோட்டாவால் (அடி விளிம்பில் அடிபட்டு வெடிப்பது; இந்த இரண்டும் அந்த வகைதான்) மானைச் சுடச் சட்டமே இடம் தருவதில்லை. இது கடைக்காரருக்குத் தெரியாதா? மேக்னம் தோட்டா விலை கூடுதல், காலத்துக்கும் நீங்கள் அவரிடம் வாங்கியாக வேண்டும். விலைக்குப் பயந்து பயிற்சியைக் குறைத்தால் குறி எப்படிப் படியும்?

அடுத்த வலை, ரைஃபிளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் மலிவு ஸ்கோப்பும் 500 தோட்டாப் பெட்டியும். வாங்காதீர்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் தோட்டா வேறு. மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு சின்னப் பெட்டி வாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்து குண்டு சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ, அதையே அதே லாட் எண்ணில் (பெட்டியில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) மொத்தமாக வாங்குங்கள்.

.22 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அதே அகலத்தில் நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாவை லாங் ரைஃபிளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடலாம், ஆபத்தில்லை. அதை வைத்து, லாங் ரைஃபிள் தோட்டாவை மேக்னம் துப்பாக்கியில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. மேக்னம் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை அகலமானது. தோட்டா உள்ளே போகும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். சுட்டதும் அதன் உறை பிளந்து, சூடான வாயு உங்கள் முகத்துப் பக்கம் பீறிடலாம். லைசென்ஸுக்குப் படிவம் படிவமாக எழுதி வாங்குகிறார்கள், பல இடங்களில் இந்த ஒரு வரியைச் சொல்லித்தர ஆளில்லை. எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம், இந்தச் சின்னக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் பறக்கும். பாறையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடுங்கள். பழைய ரைஃபிள் வாங்குவதானால், எந்தத் தோட்டாவுக்கானது என்று குழலில் பொறித்திருப்பதை நீங்களே படித்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.