268 கி.மீ.க்கு ஐந்து மணி நேரமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கே: பெங்களூரு–சென்னை 268 கி.மீ., பறக்க 20 நிமிஷம் என்கிறது ஒரு இணையதளம். டிக்கெட்டில் 1 மணி 5 நிமிஷம். ஏமாற்றுகிறார்களா?
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

ப: ஏமாற்றுவது அந்த இணையதளம்தான். வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரத்தை, மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்துப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிடும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் வேகம். காற்றில் இருப்பதே 40 நிமிஷம் ஆகும். டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்': இங்கே விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை. ரன்வே வரிசையும் அதற்குள் அடக்கம். கம்பெனிகள் அதைக் கொஞ்சம் கூட்டியே போடுவார்கள். தாமதமாகக் கிளம்பினாலும் 'சரியான நேரத்துக்கு வந்தோம்' என்று மைக்கில் பீற்றிக்கொள்ளலாமே!

உங்கள் கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது. மாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போக இரண்டு மணி நேரம். செக்-இன் கவுன்டர் 60 நிமிஷம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். மீனம்பாக்கத்தில் பெட்டி வர அரை மணி. விமானத்தின் ஒரு மணியையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆயிற்று. வந்தே பாரத் சுமார் நாலரை மணியில் சென்ட்ரலிலேயே இறக்கிவிடுகிறது. விமானம்தான் என்றால் கைப்பையோடு போங்கள். 'முன்னுரிமை போர்டிங்' வாங்காதீர்கள். நான் காசு கட்டி, எல்லாரோடும் அதே பஸ்ஸில் நின்றுகொண்டுதான் விமானத்துக்குப் போனேன்.

கே: துபாய்க்குக் காலை 10 மணிக்குக் கிளம்பி 12.30-க்கு இறங்குகிறது. ஆனால் பயணம் 4 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே?

ப: துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். இரண்டும் சரி.

கே: கோவை–பெங்களூரு ஒரு கம்பெனி, பெங்களூரு–டெல்லி வேறு கம்பெனி. இடைவெளி 1 மணி 20 நிமிஷம். முதல் விமானம் லேட், இரண்டாவது போச்சு. பணம் கிடைக்குமா?
– அல்சூர் வாசகர்

ப: கிடைக்காது. லேட் ஆகாவிட்டாலும் கவுன்டர் மூட உங்களுக்கு இருந்தது 20 நிமிஷம். அதற்குள் பெல்ட்டில் பெட்டி எடுத்து, தேவைப்பட்டால் டெர்மினலும் மாற வேண்டும். இரண்டையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் வாங்கியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இப்படியா?

கே: டெல்லி விமானம் ரத்து என்று 8 மணி நேரம் முன்புதான் சொன்னார்கள். டிக்கெட் பணம் வந்துவிட்டது, 'அவ்வளவுதான்' என்கிறார்கள்.
– ராமமூர்த்தி நகர் வாசகர்

ப: அவ்வளவுதான் இல்லை, விடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் சொன்னால், டிக்கெட் பணம் போக இழப்பீடும் உண்டு என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. பிளாக் டைம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. டெல்லி இரண்டே முக்கால் மணி. உங்களுக்கு மூன்றாவது வரிசை. வானிலை போல அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. ஆகவே ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டிக்கெட் போட்ட ஏஜென்ட் உங்கள் நம்பருக்குப் பதில் தன் செல் நம்பரைப் போட்டிருந்தால் 'தகவல் சொல்ல வழியில்லை' என்று நழுவுவார்கள், அதையும் பாருங்கள். முதலில் கம்பெனிக்கு மெயில், பிறகு விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளம், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அசையவில்லையென்றால் பெங்களூரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.