பதின்ம வயதினருக்குச் சமூகசேவை கட்டாயமாக வேண்டுமா? – கேள்வி பதில்

பாடசாலைச் சாரணர், முதலுதவிக் குழுக்களை நெடுங்காலம் நடத்தி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (கொக்குவில், ஒரு தாய்): ரொறன்ரோவில் படிக்கும் என் அண்ணனின் மகள், சேவை செய்யாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது என்கிறாள். இங்கும் அவ்வாறு வரவேண்டுமா?

பதில்: அம்மா, அவர் சொல்வது சரி. ரொறன்ரோ அமைந்துள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1999 முதல் 40 மணித்தியாலச் சமூகப் பங்களிப்பு கட்டாயம். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் 75 மணித்தியாலம் கேட்கிறது. ஆனால் ஒன்ராறியோவில் எங்கே, எப்போது செய்வது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்விக்கும் வேலையும் சொந்த வீட்டு வேலையும் கணக்கில் சேரா. இவ்விதிகளை விட்டுவிட்டு மணித்தியாலத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால், அதிபரின் அறைக்கு வெள்ளையடித்த பிள்ளையும் சமூகசேவை செய்ததாகவே பதிவாகும். 9ஆம், 10ஆம் தரங்களில், தெரிவுரிமையோடு, குறைந்த மணித்தியாலமாயின் நான் ஆதரிப்பேன். பரீட்சைச் சான்றிதழோடு அதைப் பிணைப்பதை ஏற்கமாட்டேன்.

கேள்வி (சாவகச்சேரி, உயர்தர மாணவன்): கட்டாயப்படுத்தினால் இருக்கும் ஆர்வமும் போய்விடாதா?

பதில்: போகக்கூடும், தம்பி. 1999இல் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்பே தொண்டில் நாட்டமில்லாத மாணவரைக் கட்டாயப்படுத்தியபோது, பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணம், தெரிவு அளிக்கப்பட்டவர்களைவிட அவர்களிடம் குறைவாகவே இருந்தது. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் கட்டாயமாக ஆயுதப் போராட்டத்தில் சேர்க்கப்பட்ட காலத்தைக் கண்ட பெற்றோர், பிள்ளையின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதவும் தயங்குவது இயல்பே. ஆகவே பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், படையினரோ அரசியற் கட்சிகளோ இதில் தலையிடக்கூடாது.

கேள்வி (யாழ். நகர், சட்ட மாணவி): இது கட்டாய உழைப்பு ஆகாதா?

பதில்: சர்வதேச தொழில் தாபனத்தின் 1930ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சமவாயம் சிறு சமூகப் பணிகளுக்கு விலக்களிக்கிறது, ஆனால் அப்பணி தேவைதானா என்பதில் அச்சமூகத்தினரோ அவர்களின் நேரடிப் பிரதிநிதிகளோ கலந்தாலோசிக்கப்படும் உரிமை வேண்டும் என்கிறது. சுற்றறிக்கை எழுதுவோர் இந்தப் பின்பாதியை மறந்துவிடுவார்கள்.

கேள்வி (பருத்தித்துறை, சனசமூக நிலையச் செயலாளர்): பிள்ளைகள் வந்தால் என்ன வேலை கொடுப்பது? ஆண்டுக்கொரு சிரமதானம் போதுமா?

பதில்: போதாது, ஐயா. டெங்கையே எடுத்துக்கொள்வோம். நுளம்பு முட்டையிட்டு, குடம்பியாகி, பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஒருநாள் கூடி ஒழுங்கையைக் கூட்டிப் படம் எடுத்துக்கொள்வதால் அதிகம் பயனில்லை. மாரிகாலம் முழுவதும் வாரந்தோறும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலில், இருவர் இருவராகப் பத்து வீடுகளுக்குப் போய்ச் சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டச் செய்வதே பயனுள்ள வேலை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியவர்கள் உங்கள் குறிச்சியிலும் இருப்பார்கள். அவர்களுடன் கிளினிக்குக்குத் துணை போவதும், மருந்துச் சிட்டையை வாசித்துச் சொல்வதும் எந்தச் சிரமதானத்துக்கும் குறைந்தவையல்ல.

கேள்வி (நல்லூர், ஒரு தந்தை): ரியூசனுக்கே நேரம் போதவில்லையே?

பதில்: பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளியாலும் மாவட்ட ஒதுக்கீட்டாலும் தீர்மானிக்கப்படும்வரை உங்கள் அச்சம் நியாயமானது, அதனாலேயே உயர்தர வகுப்பை இதிலிருந்து விலக்கச் சொல்கிறேன். 9ஆம் தரத்தில் வாரம் ஒரு மணித்தியாலம் கிடைக்காது என்றால், அதை நான் நம்பமாட்டேன்.

கேள்வி (மானிப்பாய், ஆசிரியை): சேவை செய்ததாகக் காட்டப் பெறும் பொய்க் கையொப்பங்களை எவ்வாறு தடுப்பது?

பதில்: முற்றாகத் தடுக்க இயலாது. கையொப்பத்தோடு, பிள்ளை அங்கே கண்டதை அரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வகுப்பில் அதைப் பற்றிப் பேச விடுங்கள். போகாத பிள்ளைக்கு இரண்டாவது கேள்வியிலேயே பதில் வராது.